சித்தப்பாவின் கணக்கு நோட்டுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

கடந்த தை மாதம் திருநெல்வேலி டவுனில் என் சித்தப்பாவின் வீட்டை ஒழித்தோம். சித்தப்பா 93 வயதில் காலமானார். சித்தி போய் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மகள், எனக்குத் தங்கச்சி முறை, பெங்களூரில் வேலை. அவளுக்கு நாலு நாள்தான் லீவு. வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, ஐந்தாம் நாள் சாவி கொடுக்க வேண்டும். "அண்ணே, நீங்க வந்து நின்னாத்தான் எனக்குத் தைரியம்" என்றாள். போய் நின்றேன்.

டவுனில் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் தார்சா, அடுத்து பட்டாசல், அதற்கு உள்ளே வெளிச்சமே வராத அரங்கு, பின்னால் அடுக்களை, மேலே மச்சு. நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். சித்தப்பா 1952 முதல் 1994 வரை பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது கடையில் இருந்ததெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. தராசு, படிக்கல், மரக்கால், எண்ணெய் அளக்கிற தகர உழக்கு, நூற்றுக்கணக்கில் காலி டின்கள், சணல் கயிற்றுப் பந்துகள், வருஷா வருஷம் வந்த சிவகாசி காலண்டர்கள். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் தேதி கிழித்த அட்டையோடு மச்சில் அடுக்கி இருந்தார்கள். ரேடியோ லைசென்ஸ் புத்தகம்கூட இருந்தது. ரேடியோ கேட்பதற்கு வருஷத்துக்கு 15 ரூபாய் தபால் ஆபீசில் கட்டிய காலத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வீடு ஒழித்தவர்களுக்குத் தெரியும், முதல் நாள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்ப்போம், கதை பேசுவோம், கண் கலங்குவோம். இரண்டாம் நாள் கதை குறையும். மூன்றாம் நாள் முதுகு வலியும் தூசித் தும்மலும் மட்டும்தான் இருக்கும். அப்போது கையில் வருவதெல்லாம் போகும்.

எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் மத்தியானம் கணக்கு நோட்டுகள் வந்தன. மச்சில் மூலையில், சணல் சாக்கில் சுற்றி, நாற்பதுக்கு மேல் இருக்கும். சிவப்புத் துணி பைண்டிங். நாள்வழி நோட்டும் பேரேடும் கலந்து கிடந்தன. மேலே இருந்த இரண்டைப் பிரித்துப் பார்த்தேன். பூச்சி அரித்த ஓட்டை, எலிப் புழுக்கை. "இத என்ன செய்யண்ணே?" என்றாள் தங்கச்சி. "கடைக் கணக்குதானே, போட்ருவோம்" என்றேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். 31 வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவன். ஏணியில் நின்று நானே ஒவ்வொரு கட்டாகக் கீழே இறக்கிக் கொடுத்தேன். பத்திரிகை, நோட்டு, அட்டை எல்லாம் சேர்த்து 118 கிலோ. கிலோ 12 ரூபாய். பழைய பேப்பர்காரர் 1,416 ரூபாய் கொடுத்து, குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனார்.

எதை வைத்துக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்சடித்த கம்பராமாயணம், தேவாரம், சித்தி படித்த கந்தர் சஷ்டி கவசம், குத்துவிளக்கு, கல்யாண போட்டோ, வீட்டுப் பத்திரம். இந்தப் புத்தகங்கள் எல்லாம் இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைக் காலில் படாமல் எடுத்து, துணியில் துடைத்து, தனிப் பெட்டியில் வைத்தோம். உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி இருந்ததை எடைக்குப் போட்டோம்.

வகுப்பில் நான் வருஷா வருஷம் சொல்லும் கதை ஒன்று உண்டு. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது. 'என் சரித்திர'த்தில் அவரே எழுதியிருக்கிறார். திருநெல்வேலியில் ஒரு வக்கீலைப் பார்க்கிறார். வண்டிக்கணக்காக ஏடுகள் இருந்த வீடு அது. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று, ஆடிப் பதினெட்டு அன்று ஏடுகளைத் தேர் மாதிரி கட்டி வாய்க்காலில் விட்டுவிட்டதாக அந்த வக்கீல் சொல்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் இன்னொரு கதை. கோயிலில் இருந்த பழைய ஏடுகளை, பழுதான ஏட்டை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்யலாம் என்று ஆகமத்தில் இருக்கிறது என்று சொல்லி, எரித்து முடித்திருந்தார்கள். ஐயருக்கு எப்படி இருந்திருக்கும்!

இந்த இடம் வரும்போது நான் குரலை உயர்த்துவேன். "படித்த வக்கீலாம், படித்தவர் செய்கிற வேலையா இது?" என்று கேட்பேன். பிள்ளைகளும் சிரிக்கும். எத்தனை வருஷம் அந்த மனிதரைப் பிள்ளைகள் முன்னால் திட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

இப்போது யோசித்தால், அந்த வக்கீல் வீட்டில் நடந்தது அலட்சியம் என்று சொல்ல வாய் வரவில்லை. பனை ஓலை நிரந்தரம் கிடையாது. பூச்சியும் ஈரமும் அரிக்க அரிக்க, தலைமுறைக்கு ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். 19ஆம் நூற்றாண்டில் அச்சு வந்தது, பள்ளிக்கூடம் மாறியது, ஓலையில் எழுதவும் பழைய எழுத்தை வாசிக்கவும் தெரிந்த கைகள் குறைந்தன. வாசிக்கத் தெரியாத ஏடு வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கிறது. அது சரஸ்வதி, குப்பையில் போட முடியாது, அடுப்பில் வைக்கவும் மனசு வராது. அதனால் ஆற்றில் விட்டார்கள், நெய்யில் தோய்த்து அக்கினிக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு பெரியவருக்குச் செய்கிற கடைசி மரியாதை மாதிரி. அதே திருநெல்வேலியில் ஒரு கவிராயர் வீட்டில் ஏடுகளைத் தூசி தட்டி ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து ஐயர் மகிழ்ந்து போனதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. வாசிக்கிற ஆள் இருந்த வீட்டில் ஏடு பிழைத்தது.

நாங்கள் சித்தப்பாவின் நோட்டுக்கு அந்த மரியாதைகூடச் செய்யவில்லை. தேரும் இல்லை, நெய்யும் இல்லை.

நாலாம் நாள் காலையில் அரங்கில் கிடந்த பெரிய மரப்பெட்டியை நகர்த்தினோம். அதற்கு ஒரு கால் இல்லை. காலுக்குப் பதிலாக ஒரு செங்கல்லும், செங்கல்லின் மேல் ஒரு கணக்கு நோட்டும். பெட்டியின் பாரத்தில் நோட்டு பலகை மாதிரி இறுகிப் போயிருந்தது. ஏதோ ஒரு ஆசையில் தார்சா வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிரித்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'லாபம்', அதற்கும் கீழே 'ஹேவிளம்பி வருஷம் சித்திரை 1'. அதாவது 1957 ஏப்ரல் நடுவில் தொடங்கும் கணக்கு. பேரேடு 3.

தேதியைப் பார்த்ததும் எனக்கு உட்காரத் தோன்றியது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இந்தியாவில் நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா. வகுப்பில் இது ஒரு மார்க் கேள்வி. அந்த மாற்றம் வந்து இரண்டே வாரத்தில், இருபத்தாறு வயசுப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் புது வருஷக் கணக்கைத் தொடங்குகிறார். பழைய பேரேட்டில் நின்ற ஒவ்வொரு பாக்கியையும் அணாவிலிருந்து நயா பைசாவுக்கு மாற்றி எழுத வேண்டும். அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: 1 அணா 6, 2 அணா 12, 3 அணா 19, 4 அணா 25, 5 அணா 31, 6 அணா 37, 7 அணா 44, 8 அணா 50. சர்க்கார் அறிவித்த கணக்கும் இதுதான். ஒரு அணா என்பது சரியாக 6.25 நயா பைசா. கால் பைசாவைக் கொடுக்க முடியாது, அதனால் இப்படி முழுசாக்கினார்கள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. ஒரு அணா சாமான் ஒன்றை ஒருவர் மூன்று தடவை தனித்தனியாக வாங்கினால் 18 நயா பைசா. மூன்றையும் ஒரே தடவையில் வாங்கினால் 19. பதினாறு தடவை ஓரணா ஓரணாவாக விற்றால் கடைக்காரருக்கு ரூபாய்க்கு 96 பைசாதான் வரும். சித்தப்பா கடையில் வியாபாரமே ஓரணா, அரையணா வியாபாரம்தான். பொடி மட்டை, வெற்றிலை, கடுகு, ஒரு கரண்டி நல்லெண்ணெய். சித்திரை மாசக் கடைசியில் செலவுப் பக்கத்தில் ஒரு வரி: 'சில்லறை வகையில் நஷ்டம் ரூ. 1.37'. இந்த ஒரு வரியை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. வைகாசியில் அந்த வரி இல்லை. ஏன் இல்லை என்று தேடினேன். வைகாசி 5ஆம் தேதியிலிருந்து பொடி மட்டை 6 இல்லை, 7 நயா பைசா! புதுக் காசு வந்ததும் கடைக்காரர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் குறை சொல்வார்கள். எங்கள் சித்தப்பாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்திருக்கிறார்.

காசுதான் புதுசு, எடை பழசு. கிலோ நாடு முழுக்க ஒரே நாளில் வரவில்லை. 1956இல் சட்டம் வந்தாலும், 1958 அக்டோபரிலிருந்துதான் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தது. அதனால் இந்த நோட்டில் புளி வீசைக் கணக்கு, மிளகு பலக் கணக்கு, அரிசி படிக் கணக்கு, விலை மட்டும் நயா பைசா. வீசை என்றால் 40 பலம், இன்றைய கணக்கில் சுமார் 1,400 கிராம். எழுத்தும் அப்படித்தான், இரண்டு காலத்திலும் ஒரு கால். தொகை 1, 2, 3 என்று இருக்கிறது. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. இந்தக் குறிகளை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை, நானும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. மூன்று பக்கம் வாசித்த பிறகு தானாகப் பிடிபட்டது.

ஆவணியில் ஒரு பதிவு: 'பள்ளிக்கூடச் சாப்பாடு வகைக்கு அரிசி 4 படி, பருப்பு 1 படி'. பணம் போட வேண்டிய இடத்தில் கோடு. காமராஜரின் மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும் நடந்தது என்று படித்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் என்றால் யார் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இப்போது ஒருவரைத் தெரியும். 7 பைசாவுக்குப் பொடி மட்டை விற்ற அதே ஆள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கடன் வாங்கியவர்களின் பெயர்கள். 'பண்ணையார் வீட்டு அம்மா அவர்கள்', 'தாலுகா ஆபீஸ் ஐயா அவர்கள்', 'வாத்தியார் அவர்கள்'. அதே நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்கள் தனி. அங்கே பெயர்களுக்கு வாலும் இல்லை, தலையும் இல்லை. வெறும் பெயர், அல்லது இன்னார் பெண்டாட்டி, இன்னார் மகன். அந்தப் பக்கங்களில் பாக்கி நாலு ரூபாயைத் தாண்ட விடவே இல்லை. முன்பக்கத்து அவர்களுக்கு ஐம்பது, அறுபது ரூபாய் நின்றாலும் கேள்வி இல்லை. கடைக்குப் பக்கவாட்டில் சந்துப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. சில பேர் அங்கே நின்றுதான் சாமான் வாங்குவார்கள். சின்ன வயசில் அதை நான் கண்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. கடைசிப் பத்துப் பக்கம் அந்த ஜன்னலின் கணக்கு. தங்கச்சியிடம் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா பேரு கெட்டுப் போகுமேண்ணே" என்றாள். "கெடாது"ன்னு என்னால் சொல்ல முடியவில்லை. பெயர்களை வெளியிட மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தேன். அந்த ஆட்களின் பேரப் பிள்ளைகள் இன்றும் டவுனில் இருக்கிறார்கள். சிலர் என் மாணவர்கள்.

பக்கம் 61இல் என் அப்பா பெயர் இருந்தது. 'அண்ணாச்சி அவர்கள்' என்று. பழைய பாக்கி 96 ரூபாய் 7 அணா, அதைப் புதுக் கணக்கில் 96.44 என்று மாற்றியிருக்கிறார். அப்புறம் வருஷம் முழுக்கப் பற்றுதான். அரிசி, பருப்பு, எண்ணெய், 'சின்னவனுக்கு பிஸ்கோத்து 12'. சின்னவன் நான்தான், அப்போது இரண்டு வயசு. வரவு என்று பார்த்தால் வருஷத்தில் மூன்றே தடவை. பங்குனி முடிவில் பாக்கி ரூ. 241.19. அதன் கீழே, 'பேரேடு 4 பக்கம் 112க்கு'.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு உண்டு. கோர்ட்டுக்குப் போனதில்லை, அவ்வளவுதான். தாத்தாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. 1959இல் விற்றார்கள். அந்தப் பணம் முழுசையும் சித்தப்பா எடுத்துக்கொண்டார், அண்ணனுக்குச் சல்லிக்காசு கொடுக்கவில்லை என்பது என் அப்பா பக்கத்துக் கதை. அண்ணன் கடைக்குக் கொடுக்க வேண்டிய கடனில் அது கழிந்துவிட்டது என்பது சித்தப்பா பக்கம். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நானும் தங்கச்சியும் பேச ஆரம்பித்ததே பெரியவர்களான பிறகுதான். என் அப்பா 1988இல் இறந்தார். சித்தப்பா வந்தார், தலைமாட்டில் நின்றார், காப்பி குடிக்காமல் போனார். நாங்கள் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

241 ரூபாய் அடுத்த வருஷம் எவ்வளவு ஆனது, வயல் பணம் எவ்வளவு வந்தது, எது எதில் கழிந்தது, மிச்சம் யாருக்கு நின்றது, எல்லாம் பேரேடு 4, பக்கம் 112இல் இருந்திருக்கும். முந்தின நாள் நான் ஏணியில் நின்று இறக்கிக் கொடுத்த கட்டில் அது போய்விட்டது.

உடனே பேப்பர் கடைக்குப் போனேன். ஆட்டோ பிடித்து, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு. கடைக்காரர் நல்ல மனிதர். "சார், அட்டைய கிழிச்சு தனியாப் போட்டாச்சு. பேப்பர் நேத்து ராத்திரியே லோடு போயிட்டு" என்றார். அட்டைக் குவியலைக் காட்டினார். சிவப்புத் துணி அட்டைகள் ஏழெட்டு கிடந்தன. ஒன்றில் '4' என்று சித்தப்பா கையெழுத்து இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அந்த அட்டையைக் கேட்டேன், சும்மாவே கொடுத்தார்.

இப்படிப்பட்ட காகிதங்கள் நம் நாட்டில் எப்படியோ பிழைத்ததும் உண்டு. புதுச்சேரியில் ஆனந்த ரங்கப்பிள்ளை 1736இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் துபாஷி, வியாபாரி. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் டூப்ளே என்ன சொன்னார், துரைசானி யாரிடம் என்ன வாங்கினார் என்று எழுதி வைத்தார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு அவர் இறந்துபோனார். நாட்குறிப்பு அவர் வீட்டிலேயே கிடந்தது. 1846இல்தான் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். நடுவில் 85 வருஷம். அந்த 85 வருஷத்தில் அந்த வீட்டில் எத்தனை பேர் பிறந்து, எத்தனை பேர் இறந்து, எத்தனை தடவை பரண் ஒழித்திருப்பார்கள்! என்னைப் போல ஒருத்தன் ஏணியில் ஏறியிருந்தால் 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றித் தமிழன் ஒருவன் கையால் எழுதிய மிகப் பெரிய சாட்சி போயிருக்கும். அப்படியும் சில பகுதிகள் போய்விட்டன. மிச்சம் 12 தொகுதியாக ஆங்கிலத்தில் வந்தது.

கோட்டையூர் ரோஜா முத்தையா கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். அவர் தொழில் விளம்பரப் பலகை எழுதுவது. 'ரோஜா' அவர் தொழிலுக்கு வைத்த பெயர், அதுவே ஆளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெரிய படிப்போ பெரிய பணமோ இல்லாத மனிதர், நாற்பது வருஷம் பழைய புத்தகம் சேர்த்தார். புத்தகம் மட்டும் என்றால் பரவாயில்லை. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், நாம் வாசித்ததும் கசக்கிப் போடுகிற துண்டுக் காகிதம் எல்லாம் அவர் வீட்டில் இருந்தது. அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது. சித்தப்பா வீட்டைப் பார்த்து நாங்கள் நினைத்ததுதான்.

1992இல் அவர் இறந்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படி. குடும்பத்தார் முன்னால் அன்றைக்கு எழுந்த கேள்வியும் எங்கள் கேள்விதான்: இத என்ன செய்ய? அவர்கள் எடைக்குப் போடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் விலைக்கு வாங்கியது. வாங்கியதை அமெரிக்காவுக்குக் கப்பலில் ஏற்றாமல், தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது, இப்போது தரமணியில் இருக்கிறது. புத்தகங்களை மைக்ரோபிலிம் எடுத்தார்கள். நான் பணி ஓய்வு பெற்ற வருஷம் ஒரு தடவை போயிருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முந்தின நாடக நோட்டீஸ் ஒன்றை வெள்ளை உறை போட்ட கையால் எடுத்துக் காட்டினார்கள். நோட்டீஸை அடித்தவன் அது அன்று சாயங்காலம் வரை இருந்தால் போதும் என்றுதான் அடித்திருப்பான்.

அன்று அங்கே நின்று ஆச்சரியப்பட்ட அதே ஆள்தான் இந்தத் தையில் ஏணியில் நின்றேன். நாற்பது பேரேட்டில் என்னவெல்லாம் போயிற்று என்று ராத்திரி படுத்தால் ஓடுகிறது. 1965, 66 அரிசிப் பஞ்சத்தில் எங்கள் தெருவில் யார் எத்தனை படி வாங்கினார்கள், யார் வாங்காமல் நின்றார்கள். 1967இல் ரூபாய்க்குப் படி அரிசி என்று தேர்தலில் பேசினார்களே, அன்றைக்கு சித்தப்பா கடையில் படி என்ன விலை. சந்துப் பக்கத்து ஜன்னல் எந்த வருஷம் மூடியது, கடைசிப் பத்துப் பக்கத்து ஆட்கள் எந்தப் பேரேட்டில் முன்பக்கத்துக்கு வந்தார்கள், வந்தார்களா. இதற்கெல்லாம் பதில் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காது.

போன வாரம் தங்கச்சி போனில் பேசினாள். ஏதோ பேச்சில், "அண்ணே, இப்பத்தான் ஞாபகம் வருது" என்றாள். கடையை மூடி சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, இந்தக் குப்பையை எதற்குக் கொண்டுவருகிறீர்கள் என்று சித்தி சண்டை போட்டாளாம். சித்தப்பா பதில் சொல்லாமல் நோட்டுக் கட்டுகளை மச்சில் ஏற்றிவிட்டு வந்து, "கணக்கு இருக்கணும். அண்ணாச்சி பிள்ளைக என்னைக்காவது வந்து கேட்டா காட்டணும்" என்றாராம்.

அதற்குப் பிறகு எத்தனையோ தீபாவளி, பொங்கலுக்கு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். தார்சாவில் உட்கார்ந்து அவரோடு காப்பி குடித்திருக்கிறேன். மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் வந்ததா, பேத்தி எங்கே படிக்கிறாள் என்று பேசியிருக்கிறேன். கணக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவும் எடுத்துக் காட்டவில்லை.

பேரேடு 3 இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், கூடவே ஒரு நோட்டில் பெயர்த்தும் எழுதுகிறேன். நேற்றுவரை 84 பக்கம் ஆயிற்று. முடிந்ததும் மூலத்தை ஏதாவது ஒரு நூலகத்தில் கொடுத்துவிட தங்கச்சி சம்மதித்திருக்கிறாள், கடைசிப் பத்துப் பக்கத்தையும் சேர்த்து. காலியான நாலாம் நம்பர் அட்டை மட்டும் என் மேஜையில் இருக்கும்.

ஒரு உதவி வேண்டும். பல பக்கங்களில் பாக்கித் தொகைக்குப் பக்கத்தில் 'பெ.கை.' என்று சின்னதாக எழுதி வட்டம் போட்டிருக்கிறார். அப்பா பக்கத்திலும் இரண்டு இடத்தில் இருக்கிறது. 'பெற்றுக்கொண்ட கை' என்கிறார் ஒரு நண்பர், 'பெண்டுகள் கையில்' என்கிறார் இன்னொருவர். அதாவது வீட்டுப் பெண்கள் வந்து வாங்கிப் போனது. என் அம்மா கடைக்குப் போய் வாங்கியிருப்பாளா என்று யோசிக்கிறேன். நெல்லைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்தார் யாராவது இதை வாசித்தால், உங்கள் வீட்டுப் பழைய கணக்கில் இந்தக் குறி உண்டா, அதற்கு என்ன அர்த்தம் என்று தயவுசெய்து எழுதுங்கள்.